ஐடி-யிலிருந்து டீச்சர் வேலைக்கு: இக்னோ பி.எட் ஃபார்ம் பாதியில நிக்குது, அவசரம் (டெல்லி)

மயூர்விகார்_ஃபேஸ்1
வணக்கம். ஐடி-யில இருக்கேன், விட்டுட்டு ஸ்கூல் டீச்சரா போறதுன்னு முடிவு பண்ணியாச்சு. வேலையில இருந்துகிட்டே இக்னோல (இந்திரா காந்தி திறந்தநிலைப் பல்கலை) தொலைதூரத்துல பி.எட் முடிச்சிடலாம்னு சொன்னாங்க. ஆன்லைன் ஃபார்ம்ல தகுதி கேக்கற இடத்துல எதை அழுத்தறதுன்னே தெரியலை, எதுவும் எனக்குப் பொருந்தலை, அடுத்த பக்கம் போக மாட்டேங்குது. பிரவுசர் மாத்திப் பாத்தாச்சு. கடைசித் தேதி நெருங்குது. சி-டெட் (மத்திய ஆசிரியர் தகுதித் தேர்வு) மட்டும் பாஸ் பண்ணினாலே போதும்னு இன்னொருத்தர் சொல்றார், உண்மையா? சீக்கிரம் சொல்லுங்க ப்ளீஸ்.

கேஷ்_கிளியர்
சார், குரோம்ல இன்காக்னிட்டோ திறந்து பாருங்க. பாப்-அப் பிளாக்கரை அணைச்சிடுங்க. ஃபோட்டோ, கையெழுத்து ஃபைல் சைஸ் அதிகமா இருந்தாலும் சில ஃபார்ம் சத்தமே இல்லாம நின்னுடும். பாதிப் பேருக்கு அதுதான் பிரச்சினை.

முனிர்கா_தமிழன்
டிகிரி என்ன? எத்தனை பர்சென்ட்? வயசு? எந்த வகுப்புக்கு எடுக்கணும்? அரசுப் பள்ளியா தனியாரா? இதெல்லாம் இல்லாம யார் என்ன சொல்ல முடியும்?

பழைய_கரும்பலகை
பிரவுசர் பாவம், அதை விட்டுவிடுங்கள். தகவல் கையேட்டில் தகுதிப் பத்தியை ஒருமுறை வாசித்திருந்தால் இந்த இழையே தேவைப்பட்டிருக்காது. இக்னோவின் பி.எட் இரண்டு வகையினருக்கு மட்டுமே. ஒன்று, பணியில் இருக்கும், பயிற்சி பெற்ற தொடக்கநிலை ஆசிரியர். இரண்டு, என்சிடிஇ (தேசிய ஆசிரியர் கல்விக் குழு) அங்கீகாரம் பெற்ற ஆசிரியர் பயிற்சி ஒன்றை நேரடி வகுப்பில் படித்து முடித்தவர். ஐடி ஊழியர் இரண்டிலும் வரமாட்டார். ஃபார்ம் ஒழுங்காகத்தான் வேலை செய்கிறது. ஏதாவது ஒன்றை அழுத்திப் பணம் கட்டினாலும், நுழைவுத் தேர்வு எழுதி ரேங்க்கே வாங்கினாலும், சான்றிதழ் சரிபார்ப்பில் பயிற்சிச் சான்றிதழைக் கேட்பார்கள். அங்கே கதை முடிந்துவிடும்.

கரோல்பாக்_காபி
அப்போ ஊர்ல தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகத்துல பி.எட் போடலாமே? ரெண்டு தடவை போய் வந்தா போதும்.

பழைய_கரும்பலகை
விதி என்சிடிஇ-யின் 2014 ஒழுங்குமுறையில் இருக்கிறது. தொலைதூர பி.எட் எங்கே நடந்தாலும் அதே தகுதிதான். மைதான் கடியில் (இக்னோ இருக்கும் இடம்) சாத்திய கதவு சென்னையில் மட்டும் எப்படித் திறந்திருக்கும்?

துவாரகா_செக்டர்10
அந்த என்ஐஓஎஸ் (தேசியத் திறந்தநிலைப் பள்ளி) ஆசிரியர் டிப்ளமா இருந்துச்சே, 18 மாசம், ஆன்லைன்லயே? அதை முடிச்சிட்டு இக்னோ பி.எட்-க்கு வரலாமே?

சுண்ணாம்புக்கட்டி
அது எப்பவோ முடிஞ்சு போச்சு. ஏற்கெனவே ஸ்கூல்ல வேலை பாத்துக்கிட்டிருந்த, பயிற்சி இல்லாத டீச்சர்களுக்காக 2017-ல கொண்டு வந்த ஒரு தடவை ஏற்பாடு. 2019 மார்ச் 31-க்குள்ள தகுதி பெறணும்னு கல்வி உரிமைச் சட்டத்துல திருத்தம் வந்ததால நடத்தினாங்க. இப்ப யாராவது அந்தப் பேர்ல பணம் கேட்டா கொடுக்காதீங்க.

சி-டெட் கேள்விக்குப் பதில்: போதாது. சி-டெட் ஒரு தகுதித் தேர்வு, பயிற்சிப் பட்டத்துக்கு மாற்று கிடையாது. தாள் 1 ஒண்ணு முதல் அஞ்சாம் வகுப்பு வரை, தாள் 2 ஆறு முதல் எட்டு. ஒவ்வொண்ணும் 150 மார்க், இரண்டரை மணி நேரம், நெகட்டிவ் மார்க் இல்லை, 60% வாங்கினா பாஸ். முன்ன ஏழு வருஷம் செல்லும்னு இருந்தது, 2021-லேருந்து ஆயுளுக்கும் செல்லும். பி.எட் சேர்ந்து படிச்சுக்கிட்டிருக்கும்போதே தாள் 2 எழுதலாம். நல்ல விஷயம் அது ஒண்ணுதான். பி.எட் மாதிரி ஆசிரியர் பயிற்சியே இல்லாம சி-டெட் சான்றிதழை மட்டும் காட்டி எந்த அரசு டீச்சர் பணிக்கும் போக முடியாது.

மயூர்விகார்_ஃபேஸ்1
ஸாரி. பி.இ. ஈசிஇ, அண்ணா பல்கலை, 58% வரும். வயசு 34. மேத்ஸ் எடுக்கணும், 6-லேருந்து 10 வரைக்கும். சின்னப் பசங்கன்னாலும் சரி. ஈஎம்ஐ இருக்கு, வேலையை உடனே விட முடியாது. அப்புறம், நான் சார் இல்ல, மேடம்.

முனிர்கா_தமிழன்
மேடம்ங்கறது இங்க முக்கியமான தகவல். கேவிஎஸ்-ல (மத்திய அரசோட கேந்திரிய வித்யாலயா பள்ளிகள்) பிஜிடி-க்கு (11, 12 எடுக்கற முதுகலை ஆசிரியர்) 40, டிஜிடி-க்கு (6 முதல் 10 வரை எடுக்கற பட்டதாரி ஆசிரியர்) 35, பிஆர்டி-க்கு (தொடக்கநிலை ஆசிரியர்) 30 வயசு உச்சவரம்பு. முந்தைய அறிவிக்கைகள்ல பெண்களுக்கு 10 வருஷத் தளர்வு கொடுத்திருக்காங்க. ஆணா இருந்தா ரெண்டு வருஷ பி.எட் முடிச்சு வரும்போது டிஜிடி வயசு தாண்டியிருக்கும். உங்களுக்கு இன்னும் இடம் இருக்கு. டெல்லி அரசுப் பள்ளிகளுக்கு எடுக்கற டிஎஸ்எஸ்எஸ்பி வரம்பு வேற, அறிவிக்கையைத் தனியா பாருங்க.

சுண்ணாம்புக்கட்டி
சரி, இப்பதான் பேச முடியும்.

சின்னப் பசங்க வேண்டாம். 2023 ஆகஸ்ட் 11-ல உச்ச நீதிமன்றம் சொன்னதுலேருந்து பி.எட் வெச்சுக்கிட்டு ஒண்ணு முதல் அஞ்சுக்குப் போக முடியாது. அதுக்கு டி.எல்.எட். (தொடக்கக் கல்வி டிப்ளமா) தனியா ரெண்டு வருஷம். நர்சரி டீச்சர் டிரெய்னிங்னு கடைகடையா போர்டு இருக்கே, அதையும் டி.எல்.எட்-டையும் குழப்பிக்காதீங்க.

பி.எட்-க்கு பொதுவா டிகிரில 50% போதும். ஆனா பி.இ., பி.டெக்-னா 55% கேக்கறாங்க, அதுவும் 'அறிவியல், கணிதத்தில் சிறப்புப் பயிற்சியுடன்' அப்படிங்கற வாசகத்தோட. இந்த வாசகத்தை ஒவ்வொரு பல்கலையும் ஒவ்வொரு மாதிரி படிக்குது. 58% இருந்தா மார்க் பிரச்சினை இல்லை. ஆனா ஈசிஇ-யை ஏத்துக்கறாங்களா, கணிதம் கற்பித்தலை எடுக்க விடறாங்களான்னு அந்தந்த வருஷத்துக் கையேட்டுல பாருங்க. டெல்லி பல்கலைக்கு சியூஇடி-பிஜி நுழைவுத் தேர்வு எழுதணும். ஜாமியாவுக்கும் ஐபி பல்கலையோட இணைப்புக் கல்லூரிகளுக்கும் தனித்தனியா விண்ணப்பம்.

இதுக்கும் பெரிய பள்ளம் ஒண்ணு இருக்கு, அதை யாரும் சொல்ல மாட்டாங்க. பி.இ.-க்கு பி.எட் சீட் கிடைக்கும், சி-டெட் பாஸ் ஆகும், ஆனாலும் கேவிஎஸ் கணித டிஜிடி-க்கு விண்ணப்பிக்க முடியாம போகலாம். அவங்க கேக்கறது டிகிரில கணிதம் ஒரு பாடமா, கூடவே இயற்பியல், வேதியியல், மின்னணுவியல், கணினி அறிவியல், புள்ளியியல் இதுல ஏதாவது ரெண்டு. பி.எஸ்சி-யை மனசுல வெச்சு எழுதின விதி. செமஸ்டருக்கு ஒரு மேத்ஸ் பேப்பர்னு படிச்ச பி.இ. அதுல அடங்கறது கஷ்டம்.

வழி ரெண்டு. தனியார் பள்ளி போதும்னா பி.எட், சி-டெட் தாள் 2 ரெண்டோட நிறுத்திக்கலாம். அரசு வேணும்னா பி.இ.-யை ஏத்துக்கற பல்கலையில எம்.எஸ்சி கணிதம் முடிச்சு பிஜிடி-க்கு வாங்க. முதுகலைல 50%, பி.எட், அவ்வளவுதான். டெட் (ஆசிரியர் தகுதித் தேர்வு) சட்டப்படி எட்டாவது வரைக்கும்தான், பிஜிடி-க்கு வேண்டாம். டிஜிடி-க்கு 9, 10 எடுத்தாலும் கேக்கறதுக்குக் காரணம், அந்தப் பதவியே 6 முதல் 10 வரை சேர்ந்தது.

நொய்டா_ரிட்டர்ன்ஸ்
மேடம், இவ்வளவு தலைவலி எதுக்கு? ஹரியானால நான்-அட்டெண்டிங் பி.எட் நிறைய கிடைக்குது. எக்ஸாமுக்கு மட்டும் போனா போதும். வேலையும் போகாது, ஈஎம்ஐ-யும் நிக்காது. என்சிடிஇ அங்கீகாரம் உள்ள காலேஜ்தான், சர்டிஃபிகேட்ல நான்-அட்டெண்டிங்னு எங்கயும் எழுதியிருக்காது.

பழைய_கரும்பலகை
சர்டிஃபிகேட்டில் எழுதியிருக்காது, வாஸ்தவம். உங்கள் பிஎஃப் கணக்கில் எழுதியிருக்குமே? யூஏஎன் எண்ணைத் தட்டினால் எந்த மாதம் எந்த நிறுவனத்தில் முழுநேரமாக இருந்தீர்கள் என்று வரிசையாக வரும். அதே மாதங்களில் நூறு கிலோமீட்டர் தள்ளி ஒரு கல்லூரியில் ரெகுலர் வகுப்பில் உட்கார்ந்திருந்ததாக மார்க் பட்டியல் சொல்லும். விதிப்படி வகுப்புக்கு 80%, பள்ளிப் பயிற்சிக்கு 90% வருகை வேண்டும். பள்ளிப் பயிற்சி மட்டும் 20 வாரம்: முதல் ஆண்டில் 4, இரண்டாம் ஆண்டில் 16. இதற்கு லீவு கொடுத்த ஐடி கம்பெனி எது என்று சரிபார்ப்பவர் கேட்டால் என்ன சொல்வீர்கள்? வேலை கிடைத்து அஞ்சு வருஷம் கழித்து ஒருவர் புகார் கொடுத்தாலும் இது கிளறப்படும்.

கல்லூரியைச் சோதிப்பது எளிது. என்சிடிஇ தளத்தில் வட மண்டலக் குழுவின் பட்டியலில் பெயரும், அனுமதிக்கப்பட்ட இடங்களும் இருக்கும். பி.எட் ஒரு யூனிட் 50 பேர். நூறு இடம் உள்ள கல்லூரி என்று விளம்பரம், பட்டியலில் ஐம்பது என்றால் மீதிப் பேர் யார் என்று யோசியுங்கள். ஒரே வருடத்தில் பி.எட் என்று சொல்பவரிடம் அங்கீகார ஆணையைக் காட்டச் சொல்லுங்கள். 2025-இல் வந்த வரைவு விதியைத்தான் காட்டுவார்.

நொய்டா_ரிட்டர்ன்ஸ்
தியரி நல்லாத்தான் இருக்கு. ஆனா நிறைய பேர் இப்படித்தான் படிக்கறாங்க, தனியார் ஸ்கூல்ல வேலையும் பாக்கறாங்க.

முனிர்கா_தமிழன்
வேலை பாக்கறாங்க, ஆமாம். டெல்லி பள்ளிக் கல்விச் சட்டம் 1973, பிரிவு 10 அரசு ஆசிரியருக்கு என்ன சம்பளமோ அதுக்குக் குறையாம அங்கீகரிக்கப்பட்ட தனியார் பள்ளியும் கொடுக்கணும்னு சொல்லுது. டிஜிடி தொடக்கம் 44,900, பிஜிடி 47,600, படிகள் தனி. ஆனா பேப்பர் இப்படி ஓட்டையா இருந்தா உங்களால அதைக் கேக்கவே முடியாது. நிர்வாகத்துக்கும் அது தெரியும். கம்மி சம்பளத்துக்கு உக்கார வெக்கறதே அதை வெச்சுத்தான்.

இரண்டு_டிகிரி
யாரும் முக்கியமான வழியைச் சொல்லலையே. 2022 ஏப்ரல்லேருந்து யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) ஒரே நேரத்துல ரெண்டு படிப்புக்கு அனுமதி கொடுக்குது. ஒண்ணு நேரடி, இன்னொண்ணு தொலைதூரம். பி.எட் நேர்ல, எம்.எஸ்சி கணிதம் தொலைதூரம். ரெண்டே வருஷத்துல பிஜிடி தகுதி. இதைத்தான் எல்லாரும் செய்யணும்.

சுண்ணாம்புக்கட்டி
காகிதத்துல சரி. ஆனா தொலைதூர எம்.எஸ்சி-க்கு யுஜிசி அங்கீகாரம் அந்த வருஷத்துக்கு, அந்தப் பாடத்துக்கு இருக்கணும். கடைசி 16 வாரப் பள்ளிப் பயிற்சியும் எம்.எஸ்சி தேர்வும் மோதுதான்னு சேரும்போதே பாக்கணும். தினமும் பாடக் குறிப்பு எழுதிக்கிட்டு ரியல் அனாலிசிஸும் படிக்கறது எல்லாராலும் முடியற காரியமில்லை. மேடம், ஈஎம்ஐ-தான் தடைன்னா எம்.எஸ்சி-யை இப்பவே, வேலையில இருக்கும்போதே தொலைதூரத்துல ஆரம்பிச்சிடுங்க. பி.எட்-க்கு மட்டும் ரெண்டு வருஷம் வேலையை விடற மாதிரி பணத்தைச் சேத்து வைங்க. நடுவுல டீச் ஃபார் இந்தியா ஃபெல்லோஷிப் மாதிரி ரெண்டு வருஷம் வகுப்பறை அனுபவத்துக்குப் போறவங்க உண்டு, உதவித்தொகையும் வரும். ஆனா ஃபெல்லோஷிப் பி.எட்-டுக்கு ஈடாகாது.

கரோல்பாக்_காபி
சி-டெட்ல மொழி என்ன எடுக்கறது? டெல்லில இருந்துகிட்டு தமிழ் எடுத்தா கேவிஎஸ்-ல கழிச்சு விட்டுடுவாங்கன்னு கேள்விப்பட்டேன். ஹிந்தி, இங்கிலீஷ் எடுங்க மேடம்.

முனிர்கா_தமிழன்
இந்தப் புரளியை யார் கிளப்பினதோ. கேவிஎஸ் கேக்கறது சி-டெட் பாஸ் சான்றிதழ். 20 மொழியில எந்த ரெண்டும் எடுக்கலாம்னு கையேட்டுலயே இருக்கு. தமிழ் தாய்மொழியா இருக்கறவங்க 30 மார்க்கை ஏன் விடணும்?

கரோல்பாக்_காபி
கேவிஎஸ் விளம்பரத்துல ஹிந்தி, ஆங்கிலம் ரெண்டு மொழியிலயும் பாடம் நடத்தத் தெரியணும்னு போட்டிருக்கே, அது என்ன?

முனிர்கா_தமிழன்
அது வேற தகுதி. சி-டெட் மொழித்தாளோட சம்பந்தமில்லை. உங்க வாதப்படி பாத்தா டிடிஇஏ-வோட (டெல்லி தமிழ்க் கல்விக் கழகம்) ஏழு பள்ளியிலயும் ஒருத்தரும் வேலைக்குச் சேர்ந்திருக்கக் கூடாது.

கரோல்பாக்_காபி
டிடிஇஏ-வை இழுக்காதீங்க, அங்க தமிழே ஒரு பாடம். நான் சொல்றது பொதுவா.

பழைய_கரும்பலகை
இருவரும் வெவ்வேறு தேர்வைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறீர்கள். சி-டெட் மொழித்தாளில் 15 கேள்வி பத்தியைப் படித்துப் பதில் சொல்வது, 15 கேள்வி மொழியை எப்படிக் கற்பிப்பது. தமிழில் அது எளிது. டிஎஸ்எஸ்எஸ்பி டிஜிடி தேர்வு 200 மார்க், அதில் 20 ஹிந்தி: சந்தி, சமாசம், மரபுத்தொடர் என்று போகும், தவறுக்கு 0.25 கழியும். அதற்குப் படித்துத்தான் ஆகவேண்டும். சண்டையை இத்தோடு முடியுங்கள்.

சுண்ணாம்புக்கட்டி
தமிழ் எடுக்கறவங்க விழற இடம் ஒண்ணு இருக்கு. முதன்மை வினாத்தாள்ல பகுதி 4, பகுதி 5 ரெண்டுலயும் இங்கிலீஷ், ஹிந்தி மட்டும்தான் அச்சாகியிருக்கும். தமிழ் தனி இணைப்புப் புத்தகமா வரும், கேட்டு வாங்கணும். தமிழ் முதல் மொழி, ஆங்கிலம் ரெண்டாம் மொழின்னா 91 முதல் 120 வரை இணைப்புப் புத்தகத்துலேருந்தும், 121 முதல் 150 வரை முதன்மைத் தாளோட பகுதி 5 ஆங்கிலத்துலேருந்தும் எழுதணும். அவசரத்துல முதன்மைத் தாள்ல கண்ணுக்குப் படற பகுதி 4 ஆங்கிலத்துக்கே பதில் குறிச்சுட்டா 30 கேள்வியும் தமிழ் விடைக்குறிப்போட ஒப்பிட்டுத் திருத்தப்படும். ஓஎம்ஆர்-ல மொழியைக் குறிக்கற வட்டத்தையும், ரெண்டு புத்தகத்தோட குறியீடும் ஒண்ணா இருக்கான்னும் முதல்லயே பாத்துடுங்க.

கேஷ்_கிளியர்
அப்போ பாப்-அப் பிளாக்கர் காரணமில்லையா?

மயூர்விகார்_ஃபேஸ்1
எல்லாருக்கும் நன்றி. இக்னோ ஃபார்மை மூடிட்டேன், நல்லவேளை ஃபீஸ் கட்டலை. இந்த வருஷம் எம்.எஸ்சி, அடுத்த சியூஇடி-பிஜி-ல பி.எட். மார்க் பட்டியல்ல சிஜிபிஏ மட்டும்தான் இருக்கு, 58% நானே போட்ட கணக்கு. பரவாயில்லையா?

சுண்ணாம்புக்கட்டி
பரவாயில்லைன்னு விட்டுடாதீங்க. சிஜிபிஏ-வை பர்சென்ட்டா மாத்திப் பல்கலைக்கழகமே கொடுக்கற சான்றிதழ் வேணும், எந்த வருஷத்து ஒழுங்குமுறையில படிச்சீங்களோ அந்தக் கணக்குப்படி. 55-க்கு ஒரு புள்ளி குறைஞ்சாலும் பி.இ. மார்க்கை வெச்சுக் கிடைக்கற பி.எட் சீட் போயிடும். அதனால எம்.எஸ்சி ஃபீஸ் கட்டறதுக்கு முன்னாடி அதை வாங்கிடுங்க. எம்.எஸ்சி முடிச்சப்புறம் அதுல 50% இருந்தா முதுகலை மார்க்கை வெச்சும் பி.எட்-க்கு விண்ணப்பிக்கலாம்.