எக்ஸ்ரே நார்மல், ஆனால் படி இறங்க முடியவில்லை: முழங்கால் தேய்மானம் உங்களுக்கு முதலில் எப்படித் தெரிந்தது?

திண்டுக்கல் டீச்சர் (49)

எனக்கு முதலில் காட்டிக்கொடுத்தது பழனி படிக்கட்டு. ஏறும்போது மூச்சு வாங்கியதே தவிர முழங்கால் ஒன்றும் சொல்லவில்லை. இறங்கும்போதுதான் வலது முழங்காலின் உள்பக்கம் ஊசி வைத்தாற்போல் சுருக்கென்றது. பாதி வழியில் ஓரமாக உட்கார்ந்துவிட்டேன். என் மாமியாருக்கு வயது 74. அவர் எனக்கு முன்னால் இறங்கிப்போய் பஞ்சாமிர்தக் கடையில் பேரம் பேசிக்கொண்டிருந்தார்.

படி ஏறிய களைப்பு என்று விட்டுவிட்டேன். இப்போது யோசித்தால் அதற்கு முன்பே எவ்வளவோ அறிகுறிகள். வாசலில் கோலம் போட்டு எழும்போது கேட்டைப் பிடிக்க ஆரம்பித்திருந்தேன். பஸ்ஸிலிருந்து இறங்கும்போது எப்போதும் வலது காலைத்தான் முதலில் ஊன்றினேன். ஏனென்றால் மேல்படியில் நிற்கும் கால்தான் மடங்கி மொத்த உடம்பையும் தாங்க வேண்டும். இதை யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை, காலே தெரிந்துகொண்டது. ஸ்டாஃப் ரூமில் ஒரு பீரியட் உட்கார்ந்து எழுந்தால் முதல் நாலு எட்டு மட்டும் மரக்கட்டை மாதிரி இருக்கும், பிறகு சரியாகிவிடும். பள்ளியில் இந்தியக் கழிப்பறைதான். அங்கே குழாயைப் பிடித்து எழுந்துகொண்டிருந்தேன். வெளியே சொல்லக் கூச்சமான விஷயம், ஆனால் வலி முதலில் தெரியும் இடம் பலருக்கும் அதுதான் என்று நினைக்கிறேன்.

முதலில் பார்த்த எலும்பு டாக்டர் படுக்க வைத்து ஒரு எக்ஸ்ரே எடுத்தார். "நார்மல். வயசாகுதும்மா, வெயிட்டைக் குறைங்க." 10 நாளைக்கு வலி மாத்திரை, கூடவே கால்சியம். அவர் என் முழங்காலைத் தொடவே இல்லை. நிம்மதியாகத்தான் வெளியே வந்தேன். ஆனால் பத்தாம் நாள் மாத்திரை தீர்ந்ததும் வலி திரும்பியது. எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை என்றால் நான்தான் பெரிதுபடுத்துகிறேன் போல என்று வீட்டில்கூடச் சொல்வதை நிறுத்திவிட்டேன். எட்டு மாதம் அப்படியே போயிற்று.

இரண்டாவதாகப் பார்த்த டாக்டரம்மா படத்தைக் கையில் வாங்கி மேசைமேல் கவிழ்த்து வைத்துவிட்டுக் கேள்வி கேட்டார். காலையில் எழுந்ததும் விறைப்பு எத்தனை நிமிடம்? உட்கார்ந்திருக்கும்போது வலிக்கிறதா, நடந்தால் வலிக்கிறதா? ஏறும்போதா, இறங்கும்போதா? விரல் கணுக்களில் வீக்கம் உண்டா? சின்ன வயதில் விழுந்து அடிபட்டதா? பிறகு ஒரு குட்டை ஸ்டூலில் ஏற்றி இறங்கச் சொன்னார். உள்ளங்கையை முழங்கால்மேல் வைத்துக்கொண்டு காலை மடக்கி நீட்டினார். உள்ளே நறநறவென்று மணல் அரைபடுவது அவர் கைக்கும் தெரிந்தது, எனக்கும் தெரிந்தது. புறங்கையால் சூடு பார்த்தார். மூட்டு இடுக்கு ஓரமாக விரலால் அழுத்திக்கொண்டே வந்தவர் உள்பக்கம் ஒரு புள்ளியில் வந்ததும் நான் துள்ளிவிட்டேன். "இதுதான்" என்றார்.

45 வயதுக்கு மேல், நடமாடினால் வலி, காலை விறைப்பு இல்லை அல்லது அரை மணி நேரத்துக்குள் விட்டுவிடுகிறது. இந்த மூன்றும் இருந்து, சந்தேகப்படும்படி வேறு எதுவும் இல்லை என்றால் படம் எடுக்காமலேயே தேய்மானம் என்று சொல்லலாமாம். பிரிட்டனில் டாக்டர்களுக்கு வழிகாட்டுதல் வகுக்கும் நைஸ் அமைப்பும் இதையேதான் சொல்கிறது என்று பிறகு படித்தேன். இருந்தாலும் பின்னால் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்று இரண்டு காலையும் நிற்க வைத்து ஒரு படம் எடுத்தார். அதில் உள்பக்க இடைவெளி கொஞ்சம் குறைந்திருந்தது, எலும்பு ஓரத்தில் கிளி மூக்கு மாதிரி சின்னதாக ஒரு முனை. படுத்திருக்கும்போது மூட்டின்மேல் பாரம் இல்லாததால் இடைவெளி அகலமாகவே தெரியுமாம். கிரேடு 2 என்றார். தேய்மானம் கூடக் கூட 0 முதல் 4 வரை ஏறும் இந்தக் கணக்கை 1957-இல் கெல்கிரன், லாரன்ஸ் என்ற இரண்டு பேர் வகுத்தார்களாம், இன்றைக்கும் அதுதான் ஓடுகிறது.

எட்டு மாதத்துக்கு முன்னால் யாராவது அந்தப் புள்ளியில் விரல் வைத்திருக்கலாம் என்ற ஆதங்கம்தான் இதை எழுத வைத்தது. உங்கள் கதையைச் சொல்லுங்கள்.

நாமக்கல், லாரி ஓட்டுநர் (53)

டீச்சரம்மா, வணக்கமுங்க. எனக்குப் படியெல்லாம் இல்லைங்க, கிளட்ச். இடது கால். நூறு கிலோமீட்டர் தாண்டுனா முட்டிச் சில்லுக்குப் பின்னாடி ஒரு வலி, வண்டிய ஓரங்கட்டி காலை நீட்டுனாத்தான் விடும். நீங்க சொன்ன மாதிரி நிக்க வச்சு எடுத்த படத்துலயும் ஒண்ணுமே இல்லைன்னுட்டாங்க.

அப்புறம் ஒரு டாக்டர், காலை மடக்கச் சொல்லி மேலேருந்து சில்லை மட்டும் பாக்குற மாதிரி இன்னொரு படம் எடுக்கச் சொன்னாருங்க. அதுலதான் தெரிஞ்சுது, சில்லுக்கும் தொடை எலும்புக்கும் நடுவுல தேஞ்சிருக்கு. நேரா எடுக்குற படத்துல அந்த இடம் எலும்புமேல எலும்பா மறைஞ்சு போகுமாமுங்க. வண்டிக்கு அடியில ஆயில் ஒழுகுறப்ப பானெட்டைத் தொறந்து பாத்தா எப்படித் தெரியும்?

கொல்லிமலை முடவாட்டுக்கால் சூப்பு ரெண்டு மாசம் குடிச்சேன். ருசி நல்லாருக்குங்க. அவ்வளவுதான்.

சென்னை, ஐடி (36)

எல்லாரும் 45 வயசு கணக்கு சொல்றீங்க, என்னை மாதிரி ஆளுங்க அந்த வலையில சிக்கமாட்டோம்ங்கறதையும் சொல்லணும். காலேஜ் டீம்ல கபடி ஆடினேன். 20 வயசுல ஒரு ரெய்டுல முட்டி திரும்பிடுச்சு, எலும்புகளைக் கட்டி வச்சிருக்கற லிகமென்ட் போச்சு. ஆபரேஷன் பண்ணலை, ஆறு மாசத்துல வலி போயிடுச்சு, மறந்துட்டேன். 34 வயசுல வீக்கம் வர ஆரம்பிச்சப்ப ரெண்டு டாக்டர்கள் "இந்த வயசுல தேய்மானம் வராது"ன்னு திருப்பி அனுப்பினாங்க. மூணாவது ஆள் மட்டும்தான் பழைய அடியைப் பத்திக் கேட்டார். முன்பக்க லிகமென்ட்டோ, மூட்டுக்கு நடுவுல மெத்தை மாதிரி இருக்கற ஜவ்வோ கிழிஞ்சவங்கள்ல கிட்டத்தட்ட பாதி பேருக்கு 10 - 20 வருஷத்துல தேய்மானம் படத்துலயே தெரியுமாம். அப்படிப் பார்த்தா என் முட்டி கரெக்டா டைமுக்குத்தான் வந்திருக்கு.

இன்னொண்ணு. நடுவுல நானே பதட்டத்துல எம்ஆர்ஐ எடுத்தேன். ரிப்போர்ட்டைப் படிச்சா ஒரு கார் சர்வீஸ் எஸ்டிமேட் மாதிரி இருக்கு. ஜவ்வு கிழிசல், எலும்பு முனையை மூடியிருக்கற குருத்தெலும்பு குறைவு, நீர், எலும்புக்குள்ள வீக்கம். அன்னிக்கு ராத்திரி தூக்கமே இல்லை. அப்புறம் டாக்டர் ஒரு அமெரிக்க ஆய்வைக் காட்டினார், ஃப்ராமிங்ஹாம்ல பண்ணி 2012-ல வந்தது. 50 வயசுக்கு மேல, எக்ஸ்ரேல தேய்மானமே தெரியாத 710 பேருக்கு எம்ஆர்ஐ எடுத்திருக்காங்க. 89 சதவீதம் பேருக்கு ஏதாவது ஒரு கோளாறு படத்துல இருந்திருக்கு. வலி இருந்தவங்களுக்கும் சரி, இல்லாதவங்களுக்கும் சரி. ஸ்கேன்ல இருக்கறதெல்லாம் நோய் இல்லைன்னு அன்னிக்குத்தான் புரிஞ்சது. துளை போட்டு உள்ள சுத்தம் பண்ணிடலாம்னு வேற ஒரு இடத்துல சொன்னாங்க, நான் போகலை. தேய்மானத்துக்கு அந்த ஆபரேஷன், ஒப்பிட்டுப் பார்க்க தோலை மட்டும் கீறி விடற பொய் ஆபரேஷனை விட நல்லா வேலை செய்யலைன்னு 2002-லயே நிரூபிச்சிருக்காங்க.

மதுரை, பிசியோதெரபிஸ்ட்

தம்பி சொன்னதை என் தினசரி அனுபவத்திலிருந்து தொடர்கிறேன். என்னிடம் வருபவர்களில் பலர் உள்ளே நுழையும்போதே "ஜவ்வு முழுசா தேஞ்சுபோச்சு மேடம்" என்கிறார்கள். ஃபைலைத் திறந்தால் கிரேடு 1. அதாவது சந்தேகக் கேஸ். தேய்மானம் என்ற சொல்மேலேயே எனக்குக் கோபம் உண்டு. செருப்பு தேய்வது போல நடக்க நடக்கத் தேயும் என்று நம்பி நடப்பதை நிறுத்திவிடுகிறார்கள். குருத்தெலும்புக்குள் ரத்தக்குழாய் இல்லை, மூட்டு அசையும்போது பிழிந்து உறிஞ்சும் நீரில்தான் அதற்குச் சாப்பாடு. அதற்கு நரம்பும் இல்லை, அதனால் ஆரம்பத்தில் வலிப்பது அது இல்லை. அடியில் இருக்கும் எலும்பு, சுற்றியிருக்கும் சவ்வு, இவைதான் வலிக்கின்றன.

நான் எல்லோருக்கும் செய்து பார்ப்பது ஒன்றுதான். கை இல்லாத நாற்காலி, கைகளை மார்பில் கட்டிக்கொண்டு 30 விநாடியில் எத்தனை முறை முழுசாக எழுந்து உட்கார முடிகிறது என்று எண்ணுவேன். அந்த எண்ணைவிட எழும் விதம் எனக்கு அதிகம் சொல்லும். நல்ல காலின் பக்கமாக உடம்பு சாயும். தொடையைத் தொட்டால் வலிக்கிற பக்கம் தளர்ந்திருக்கும். பலருக்கு இது எக்ஸ்ரேக்கு முன்பே தெரிந்துவிடுகிறது.

சத்தத்தைப் பற்றி நிறைய பேர் கேட்பார்கள். வலி இல்லாமல் டக் டக்கென்று சத்தம் மட்டும் வந்தால் பயப்பட ஒன்றுமில்லை. எடை விஷயத்தில் மட்டும் டாக்டர்கள் சொல்வது சரிதான், ஆனால் காரணம் சொல்லாமல் திட்டுகிறார்கள். ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வொரு எட்டிலும் முழங்கால்மேல் விழும் பாரம் நாலு கிலோ அளவுக்குக் குறைகிறது என்று அளந்திருக்கிறார்கள். இதைச் சொன்னால் மூன்று கிலோ குறைக்கவே மனசு வரும்.

முழங்கால் திடீரென வீங்கி, சிவந்து, சுட்டு, காய்ச்சலும் வந்தால் இந்தக் கதை எதுவும் பொருந்தாது. அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

தஞ்சாவூர்

எங்கள் அம்மாவுக்கு நேர்மாறாக நடந்தது. 58 வயது, முழங்கால் வலி என்றதும் தேய்மானம் என்று எழுதிக்கொடுத்துவிட்டார்கள். இரண்டு வருடம் தைலம், பெல்ட், வலி மாத்திரை. ஒருநாள் கிரைண்டரிலிருந்து மாவை வழிக்க முடியாமல் கையை உதறிக்கொண்டு நின்றாள். அப்போதுதான் நான் விரல்களைப் பார்த்தேன், அடிக்கணுக்கள் இரண்டு கையிலும் உப்பியிருந்தன. காலையில் ஆறு மணிக்கு எழுந்தால் எட்டு மணி வரை கை கால் மடங்காது என்பதை அதுவரை அம்மா சொன்னதும் இல்லை, யாரும் கேட்டதும் இல்லை. ரத்தப் பரிசோதனையில் முடக்குவாதம், அதாவது ருமட்டாய்டு மூட்டு அழற்சி. அதற்கு மருந்தே வேறு, சீக்கிரம் தொடங்கியிருந்தால் விரல்கள் கோணாமல் காப்பாற்றியிருக்கலாம். டீச்சர் எழுதியிருக்கிற "எத்தனை நிமிடம் விறைப்பு" என்ற கேள்வியைப் படித்ததும் எனக்கு அழுகையே வந்துவிட்டது.

கோவில்பட்டி

எங்க அப்பாவுக்கு முட்டிதான் வலிச்சது, நோய் இடுப்பு மூட்டுல. முட்டிக்கு மூணு படம் எடுத்தாச்சு, மூணும் சுத்தம். கடைசியில ஒரு டாக்டர் அப்பாவைப் படுக்க வச்சு காலை மடக்கி இடுப்பை உள்பக்கமா திருப்புனாரு, அப்பா கத்தின கத்து வெளிய கேட்டுச்சு. ஒரு வருஷமா கால் நகம் வெட்ட முடியாம அம்மாதான் வெட்டி விட்டுட்டு இருந்தாங்க. அதை அப்பவே யாருட்டயாவது சொல்லியிருக்கணும்.

நாமக்கல், லாரி ஓட்டுநர்

எனக்கு யூரிக் ஆசிட் கொஞ்சம் கூடன்னு சொல்லி ஆறு மாசம் கறி சாப்பிட விடலைங்க. யூரிக் ஆசிட் கூடியிருந்தும் வாழ்க்கையில ஒருக்கா கூட அதனால வர்ற கீல்வாதம் (கவுட்) வராதவங்கதான் அதிகமுன்னு இப்பத்தான் டாக்டர் சொல்றாரு. அந்த ஆறு மாசக் கறிக்கு யாருங்க பொறுப்பு?

திண்டுக்கல் டீச்சர்

எல்லாவற்றையும் படித்தேன். தஞ்சாவூர் தங்கை, அம்மா சொல்லாததற்கு நீங்கள் என்ன செய்ய முடியும். கேட்க வேண்டியவர்கள் கேட்கவில்லை.

மதுரை மேடம் சொன்ன நாற்காலிக் கணக்கை ஸ்டாஃப் ரூமில் செய்து பார்த்தோம். எனக்கு ஒன்பது. பி.டி. சாருக்கு 21, அவர் இன்னும் அதைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறார். தொடைக்குப் பயிற்சி ஆரம்பித்து மூன்று மாதம் ஆனபிறகு எனக்குப் பதின்மூன்று. கோலத்துக்கு இப்போது ஒரு குட்டை முக்காலி. பள்ளிக் கழிப்பறைச் சுவரில் கைப்பிடிக் கம்பி வைக்க எழுதிக்கொடுத்திருக்கிறேன். கையெழுத்துப் போட வந்த டீச்சர்களில் நாலு பேர் தாங்களும் குழாயைப் பிடித்துத்தான் எழுகிறோம் என்றார்கள்.

அடுத்த மாதம் பழனி. ஏற யானைப்பாதை, இறங்க விஞ்ச் என்று முடிவு செய்துவிட்டேன். மாமியார் படியிலேதான் வருவாராம்.