ரிவர்ஸில் கறகற சத்தம், ஃபர்ஸ்ட் கியர் விழ அடம்: கியர்பாக்ஸை இறக்கத்தான் வேண்டுமா?

கேள்வி:
2015 மாடல் பெட்ரோல் ஹேட்ச்பேக், கேபிள் கிளட்ச், 86,000 கி.மீ. ஓடியது. ஸ்டார்ட் செய்து ஃபர்ஸ்ட் போட்டால் லேசில் விழுவதில்லை. ரிவர்ஸில் கறகற சத்தம். மூன்றிலிருந்து இரண்டுக்கு இறக்கும்போதும் உரசுகிறது. செகண்ட் ஹேண்டில் வாங்கியது, கியர் ஆயில் எப்போது மாற்றினார்கள் என்று தெரியவில்லை. கியர்பாக்ஸை இறக்கிப் பிரிக்கச் சொல்கிறார்கள். அதற்கு முன் எதையெல்லாம் பார்க்கலாம்?

பதில் 1:
அவசரப்பட்டு இறக்காதீர்கள் சார். இன்ஜினை ஆஃப் செய்து, கிளட்சை மிதித்து எல்லாக் கியரையும் போட்டுப் பாருங்கள். ஏதாவது ஒன்று முட்டினால் வண்டியைக் கொஞ்சம் அசைத்துவிட்டுப் போடுங்கள். ஆஃபிலும் கனமாக இருந்தால் கியர் கேபிள், லிவர் புஷ் பக்கம் பார்க்க வேண்டும். ஆஃபில் சுலபமாக விழுந்து, ஸ்டார்ட் செய்ததும் மக்கர் செய்தால் கிளட்ச் முழுதாக விடவில்லை என்றுதான் முதலில் சந்தேகப்பட வேண்டும்.

மிதித்த பிறகும் கிளட்ச் பிளேட் ஃப்ளைவீலை (இன்ஜினோடு சேர்ந்து சுழலும் சக்கரம்) உரசிக்கொண்டிருந்தால் இன்புட் ஷாஃப்ட் (கியர்பாக்ஸுக்குள் சுழற்சியைக் கொண்டுவரும் தண்டு) நிற்காது. பல வண்டிகளில் ரிவர்ஸுக்கு சிங்க்ரோ (வேகத்தைச் சமன்செய்து கியரை உரசாமல் சேர்க்கும் அமைப்பு) கிடையாது. அதனால்தான் சத்தம் முதலில் அங்கே கேட்கிறது. நியூட்ரலில் பெடலை அடிவரை மிதித்து, நான்கைந்து விநாடி கழித்து ரிவர்ஸ் போடுங்கள். அப்போதும் கறகறத்தால் கிளட்ச்தான் முழுதாக விடவில்லை, சந்தேகமே வேண்டாம்.

அடுத்தது ஃப்ரீ பிளே. பெடலைக் கையால் அழுத்தி, கனம் தட்டும்வரை எவ்வளவு இறங்குகிறது என்று ஸ்கேல் வைத்து அளங்கள். பெரும்பாலும் 10 முதல் 20 மி.மீ.க்குள் இருக்கும், உங்கள் வண்டிக்கான அளவு மேனுவலில் இருக்கும். அதிகமாக இருந்தால் கியர்பாக்ஸ் பக்கம் கேபிள் முனையிலுள்ள நட்டை இறுக்குங்கள். ஃப்ரீ பிளேயே இல்லாமல் மட்டும் செய்துவிடாதீர்கள். ரிலீஸ் பேரிங் (மிதிக்கும்போது கிளட்சை அழுத்தி விடுவிக்கும் பேரிங்) ஓயாமல் சுற்றித் தேயும், பிளேட்டும் ஸ்லிப் ஆகும். பெடலுக்கு அடியில் மேட் சுருண்டு கிடக்கிறதா என்றும் பாருங்கள்.

கேட்டவர்:
ஆஃபில் எல்லாக் கியரும் விழுகிறது. ஃப்ரீ பிளே 35 மி.மீ. இருந்தது, மேனுவல்படி 15-க்குக் கொண்டுவந்தேன். ரிவர்ஸ் சத்தம் நின்றது, ஃபர்ஸ்டும் விழுகிறது. காலையில் மட்டும் இரண்டாவது கியர் இன்னும் உரசுகிறது.

பதில் 2:
அப்படியானால் கியர் ஆயிலை மாற்றிவிடுங்கள். கொஞ்ச தூரம் ஓட்டிச் சூடாக்கி, வண்டியைச் சமமாகத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்துங்கள். ஜாக்கை மட்டும் நம்பி அடியில் போகாதீர்கள். முதலில் ஃபில்லர் போல்ட்டைக் கழற்றுங்கள். அது வராவிட்டால், வடித்த பிறகு ஊற்ற வழியிருக்காது. பிறகு டிரெயின் போல்ட்.

அதில் காந்தம் இருந்தால் சாம்பல் நிற மசி ஒட்டியிருக்கும், அது சகஜம். கைக்குத் தட்டுப்படும் இரும்புத் துணுக்கு வந்தால் பல்லோ பேரிங்கோ போயிருக்கிறது. ஆயிலில் பொன்னிற மினுக்கு தெரிந்தால் சிங்க்ரோ ரிங் தேய்மானம்.

மேனுவல் 75டபிள்யூ-90 ஜிஎல்-4 (முன்னது ஆயிலின் கெட்டித்தன்மை, பின்னது அதன் தர வகை) என்று சொன்னால் அதையே ஊற்றுங்கள். ‘ஜிஎல்-5 இன்னும் உசத்தி’ என்று கடையில் தள்ளிவிடுவார்கள், வாங்காதீர்கள். அதிலுள்ள கந்தகச் சேர்மானம் பித்தளை சிங்க்ரோ ரிங்குகளை அரிக்கக்கூடும். வழவழப்பு கூடி ரிங்கின் பிடிமானமும் குறையலாம். இந்த அளவு வண்டிக்கு 2 லிட்டரை ஒட்டிப் பிடிக்கும். ஃபில்லர் துளையில் வழிய ஆரம்பித்ததும் நிறுத்தி, புது வாஷர் போட்டு மூடுங்கள்.

பதில் 3:
ஆயில் மாற்றியும் இரண்டாவது உரசினால் இப்படிச் சோதிக்கலாம். மூன்றிலிருந்து நியூட்ரலுக்கு வந்து கிளட்சை விட்டு, ஆக்ஸிலரேட்டரை லேசாகத் தட்டி, மறுபடி மிதித்து இரண்டைப் போடுங்கள். இப்படிச் சத்தமில்லாமல் விழுந்தால் இரண்டாம் கியரின் சிங்க்ரோ ரிங் தேய்ந்திருக்கிறது. அப்போதுதான் கியர்பாக்ஸை இறக்க வேண்டும். இறக்கினால் பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூன்றையும் பாருங்கள். தேய்ந்திருந்தால் செட்டாகவே மாற்றிவிடுங்கள், லேபர் இரண்டு முறை ஆகாது.

ஹைட்ராலிக் கிளட்ச் (கேபிளுக்குப் பதில் ஃப்ளூயிட் அழுத்தத்தில் இயங்குவது) வைத்திருப்பவர்களுக்கு: பெடலை இரண்டு மூன்று முறை பம்ப் செய்தபின் கியர் விழுந்தால், லைனில் காற்று இருக்கலாம் அல்லது மாஸ்டர் சிலிண்டர் சீல் போயிருக்கலாம். கசிவைச் சரிசெய்து, ஃப்ளூயிட் டப்பா மூடியில் போட்டிருக்கும் டாட் 3 அல்லது டாட் 4 ஃப்ளூயிட் ஊற்றி பிளீட் செய்யுங்கள் (லைனிலுள்ள காற்றை வெளியேற்றுங்கள்).