அப்பாவுக்கு புரோஸ்டேட் ஆப்பரேஷன்: தள்ளிப்போடலாமா?

பிறைவாசி:
வணக்கம். அப்பாவுக்கு 71 வயது. பட்டர்வொர்த்தில் லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர். போன மாதம் சளிக்கு மருந்துக் கடையில் மாத்திரை வாங்கிப் போட்டார். அன்று இரவே சிறுநீர் அடைத்துக்கொண்டது. ஆஸ்பத்திரியில் டியூப் போட்டார்கள். மாத்திரை கொடுத்து டியூபை எடுத்துப் பார்த்தும் மறுபடி அடைப்புதான். சிறுநீர்ப்பைக்குக் கீழே இருக்கும் புரோஸ்டேட் சுரப்பி வீங்கியிருக்கிறது, டி.யு.ஆர்.பி. என்ற ஆப்பரேஷன் செய்வதே நல்லது என்கிறார் டாக்டர். புரோஸ்டேட் புற்றுநோய் சந்தேகத்துக்குப் பார்க்கும் பி.எஸ்.ஏ. ரத்தப் பரிசோதனையில் 9 வந்திருக்கிறது, டியூப் போட்ட மறுநாள் எடுத்த ரத்தம். அப்பாவோ, "கத்தி பட்டால் பரவிவிடும், என் கூட்டாளி அப்படித்தான் போய்ச் சேர்ந்தான்" என்று பிடிவாதமாக இருக்கிறார். இந்த வீக்கம் புற்றுநோயாக மாறுமா? மாத்திரையிலேயே சமாளிக்கலாமா?

லேப் அக்கா:
தம்பி, நான் டாக்டர் இல்லை. பினாங்கில் நோய்க்கூறியல் ஆய்வகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். இந்த ஆப்பரேஷனில் எடுப்பதெல்லாம் எங்கள் மேசைக்குத்தான் வரும்.

வெளியிலிருந்து கத்தியே வைக்க மாட்டார்கள். சிறுநீர்க் குழாய் வழியாகவே கருவியை விட்டு, மின்சாரம் ஓடும் கம்பி வளையத்தால் புரோஸ்டேட்டின் உள்பக்கத்தைச் சுரண்டி எடுப்பார்கள். சதை கெடாமல் வைக்கும் பார்மலின் திரவப் போத்தலில் பாக்குச் சீவல் போல வளைந்து வளைந்து கிடக்கும் துண்டுகள். வடிகட்டி எடை போடுவோம். 12 கிராமுக்குள் என்றால் ஒன்று விடாமல் மெழுகில் பதிப்போம். கூடுதலாக இருந்தால் ஒரு பகுதியைப் பதித்துவிட்டு, சந்தேகம் வந்தால் மீதியையும் எடுப்போம்.

அதை மெல்லியதாகச் சீவி, சாயம் ஏற்றிய சிலைடில் பார்த்தால் புரோஸ்டேட்டுக்குள் இருக்கும் ஒவ்வொரு சின்னச் சுரப்பியின் சுவரிலும் இரண்டு அடுக்கு செல்கள் தெரியும். உள்ளே உயரமான சுரக்கும் செல்கள், அடியில் சின்னதாக அடித்தளச் செல்கள். சில சுரப்பிகளுக்குள் வளையம் வளையமாக இளஞ்சிவப்பு உருண்டைகள் இருக்கும். வயதானவர்களிடம் சர்வசாதாரணம், எனக்குப் பார்க்க அலுத்ததே இல்லை. சாதாரண வீக்கத்தில் இரண்டு அடுக்கும் அப்படியே இருக்கும். புற்றுநோயில் அந்த அடி அடுக்கு காணாமல் போய்விடும். சந்தேகமாக இருந்தால் பி63 என்ற சாயச் சோதனை செய்வோம். அடித்தளச் செல்லின் உட்கரு பழுப்பாகத் தெரிந்தால் நிம்மதி.

இடமும் வேறு. வீக்கம் வளர்வது சிறுநீர்க் குழாயைச் சுற்றிய உள்பகுதியில். புற்றுநோய் பெரும்பாலும், 100க்கு 70 என்ற அளவில், மலக்குடலை ஒட்டிய வெளிப்பகுதியில். ஜான் மெக்நீல் என்ற நோய்க்கூறு நிபுணர் பிரித்துக் காட்டிய வரைபடம் இது. ஒன்று மற்றொன்றாக மாறுவதில்லை. வீக்கத்துக்குப் பரவும் குணமும் கிடையாது. ஆனால் ஒரே ஆளுக்கு இரண்டும் இருக்கலாம். அப்பாவின் கூட்டாளிக்கு முன்பே புற்று இருந்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன்.

மாத்திரையில் இரண்டு வகை. டாம்சுலோசின் தசையைத் தளர்த்தும், சில நாளிலேயே தெரியும். பினாஸ்டரைடு, ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோனை அதைவிட வீரியமான, புரோஸ்டேட்டை வளரவைக்கும் டி.எச்.டி.யாக மாற்றும் என்சைமைத் தடுக்கும். அந்த என்சைம் பிறவியிலேயே குறைந்த டொமினிக்கன் குடியரசுக் குடும்பங்களை 1974இல் ஆராய்ந்து எழுதினார்கள். அந்த ஆண்களுக்குப் புரோஸ்டேட் சிறுத்தே இருந்தது. மருந்து 1992இல் வந்தது. ஆனால் புரோஸ்டேட் சுருங்க ஆறு மாதம் பிடிக்கும். டியூப் எடுத்தும் அடைத்துக்கொண்டவர் அதுவரை டியூபோடு இருப்பதை நான் விரும்ப மாட்டேன், கிருமி ஏறும்.

ஜெலுத்தோங் தாத்தா:
நான் செய்துகொண்டவன். உங்கள் அப்பாவிடம் இதைக் காட்டுங்கள் தம்பி. முதுகில் ஊசி போட்டார்கள், இடுப்புக்குக் கீழே மரத்துப்போச்சு. அப்புறம் மூன்று வழி டியூப் வழியாக ராத்திரி முழுக்க உப்புத் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. பையில் சிவப்பாக வந்து, காலையில் இளஞ்சிவப்பானது. வீட்டுக்கு வந்தபின் ஒருநாள் திடீரென்று மறுபடி ரத்தம். உள்ளே பொருக்கு உதிர்கிறது, தண்ணீர் நிறையக் குடியுங்கள் என்றார் டாக்டர். கொஞ்ச நாள் மோட்டார் ஓட்டக் கூடாது, கனம் தூக்கக் கூடாது. இன்னொன்று, விந்து வெளியே வராமல் சிறுநீர்ப்பைக்குள் போய்விடும். பலருக்கு இப்படி ஆகும், ஆபத்தில்லை. ஆனால் முன்கூட்டியே சொல்லாவிட்டால் மனுஷன் பயந்துபோவார்.

பிறைவாசி:
நன்றி அக்கா, நன்றி ஐயா. பி.எஸ்.ஏ. 9 பற்றி ஒன்றும் சொல்லவில்லையே அக்கா? அப்பா இதயத்துக்கு ஆஸ்பிரினும் சாப்பிடுகிறார்.

லேப் அக்கா:
அடைப்பும் டியூபும் பி.எஸ்.ஏ.யை ஏற்றிவிடும் தம்பி. அந்த 9ஐ மட்டும் வைத்து முடிவெடுக்க வேண்டாம். ஆப்பரேஷனுக்கு முன் வேறு பரிசோதனை வேண்டுமா என்று டாக்டரிடமே கேளுங்கள். முடிந்த பின்பும் வெளிப்பகுதி உள்ளேயேதான் இருக்கும், அதனால் பி.எஸ்.ஏ. பார்ப்பதை விட்டுவிடாதீர்கள். பினாஸ்டரைடு சாப்பிட்டால் ஆறு மாதத்தில் எண் பாதியாகத் தெரியும், இரண்டால் பெருக்கிப் படிக்க வேண்டும். ஆஸ்பிரினை நீங்களாக நிறுத்தாதீர்கள், டாக்டரிடம் இப்போதே சொல்லிவிடுங்கள். அந்தச் சளி மாத்திரை அட்டையையும் காட்டுங்கள். மூக்கடைப்பை எடுக்கும் சூடோஎபிட்ரின் இருந்தால் அதுவே சிறுநீர்ப்பையின் வாயை இறுக்கியிருக்கும். நோய்க்கூறு அறிக்கையின் நகலைக் கேட்டு வாங்குங்கள். புரியாத வரி இருந்தால் இங்கே போடுங்கள், படித்துச் சொல்கிறேன்.