கோத்தகிரி டிரஸ்ட் கணக்கு: யாராவது சொல்லித் தருவீர்களா?

வணக்கம். கோத்தகிரி பக்கம் மலைக் கிராமப் பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு நடத்தும் சின்ன டிரஸ்ட் எங்களுடையது. நான் சமூகப்பணி படித்தவள், கணக்கு தெரியாது. ஒருவருக்கு ஒரே நாளில் 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் வரிக்கணக்கில் அந்தச் செலவு பொதுவாக ஏற்கப்படாது என்பதே ஆடிட்டர் சொல்லித்தான் தெரிந்தது.

பாங்கில் 4 லட்சம் இருக்கிறதே என்று நிம்மதியாக இருந்தேன். அதில் 3 லட்சம் நூலகத்துக்கென்றே வந்த நன்கொடை. சம்பளத்துக்குத் தொடக்கூடாத பணம், தெரியாமல் தொட்டுவிட்டேன். கொடுத்தவரிடம் சொல்லிவிட்டேன், இருந்தாலும் மனசு ஆறவில்லை.

அப்புறம், ஜீப் டிரைவர் அண்ணன் துண்டுச்சீட்டில் எழுதித் தரும் வாடகை மழையில் கரைந்துபோகிறது. அதற்கு வவுச்சர் எப்படிப் போடுவது?

ஒவ்வொரு நன்கொடைக்கும் தனித்தனியாக வரவு செலவு காட்டும் எக்செல் தாள், தமிழில், யாரிடமாவது இருக்கிறதா? குன்னூரிலோ ஊட்டியிலோ ஒரு சனிக்கிழமை உட்கார்ந்து சொல்லித் தந்தால், ரசீதுகளோடு பஸ் ஏறி வந்துவிடுவேன்.