40 அடி டிரெய்லரில் மூன்று இடத்து லோடு: எதை எங்கே வைப்பது?

ராத்திரிவண்டி:
ஸ்ரீபெரும்புதூரில் ஏற்றி சேலம், பெருந்துறை, கோவை என மூன்று இடத்தில் இறக்கணும். 4×2 ஹார்ஸ் (முன்னால் இழுக்கிற வண்டி), மூணு ஆக்சில் பிளாட்பெட் (சுவரில்லாத திறந்த தளம்), 45.5 டன் பாஸிங் (சரக்கோடு அனுமதிச்ச மொத்த எடை), வெறும் வண்டி 14.5 டன்.

சேலத்துக்கு கேபிள் டிரம் 2, தலா 3 டன், விட்டம் 2 மீட்டர். பெருந்துறைக்குப் பெட்டியில் அடைத்த சிஎன்சி மெஷின் (கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் உலோகம் வெட்டுறது), 7 டன், 3 மீட்டர் நீளம். கோவைக்கு எச்ஆர் காயில் (இரும்புத் தகட்டுச் சுருள்) 2, தலா 8 டன். மொத்தம் 29 டன்.

முதலில் இறங்குகிற டிரம்மைக் கடைசியில் வைத்து, மெஷினை கேபின் பக்கம் வைக்கலாம் என்று யோசனை. சரியா வருமா? கட்டுறதுக்கு பெல்ட் போதுமா, செயின் வேணுமா?

ஆக்சில்கணக்கு:
முதலில் இறங்குவது பின்னால் என்பது கதவு வைத்த கன்டெய்னருக்குத்தான். பிளாட்பெட்டில் கிரேன் மேலிருந்து எடுக்கும், ஒன்றன்மேல் ஒன்று அடுக்காதவரை எதுவும் எதையும் மறிக்காது. ஒவ்வொரு இடத்திலும் இறக்கிய பிறகு மிச்ச எடை எந்த ஆக்சிலில் உட்காருகிறது என்று பாருங்கள்.

டிரம்மைக் கடைசியில் வைத்தால் அதன் நடு, டிரெய்லர் ஆக்சில்களின் நடுவுக்கு 1.3 மீட்டர் பின்னால் வரும். அங்கிருந்து கிங்பின் (டிரெய்லரை ஹார்ஸோடு இணைக்கிற முளை) 8 மீட்டர் என்றால், அந்த 6 டன் கிங்பின்னை 6 × 1.3 ÷ 8, அதாவது கிட்டத்தட்ட 1 டன் அளவுக்குத் தூக்கிக்கொண்டிருக்கும். சேலத்தில் டிரம் இறங்கியதும் அந்த 1 டன் ஹார்ஸ் மேல் வந்து உட்காரும். மெஷின் முன்னால் இருப்பதால் ஏற்கெனவே நெருக்கடியில் இருக்கிற டிரைவ் ஆக்சில் (ஹார்ஸின் பின் ஆக்சில்) அதன் வரம்பான 11.5 டன்னைத் தாண்டும். மொத்த எடை 6 டன் குறைந்த வண்டியில் இது நடக்கிறது! எடை மேடையில் மொத்தத்தை மட்டும் பார்த்தால் தெரியவே தெரியாது. ஹார்ஸ் ஆக்சில் தனி, டிரெய்லர் ஆக்சில் தனி என்று ஏற்றி எடை போடுங்கள். டிரெய்லரின் மூணு ஆக்சிலுக்கும் சேர்த்து வரம்பு 27 டன்தான்.

தளத்தின் முன்முனையிலிருந்து டிரம்களின் நடு 2.3 மீட்டர் (இரண்டும் பக்கத்தில் பக்கத்தில்), காயில்கள் 5.5, 7.9, மெஷின் 10.6 என்று வையுங்கள். கிங்பின் முன்முனையிலிருந்து 0.9 மீட்டர் என்று வைத்தால், சரக்கால் கிங்பின்னில் வருவது கிளம்பும்போது 7.9 டன், சேலத்துக்குப் பிறகு 2.9, பெருந்துறைக்குப் பிறகு 4.4. உங்கள் வண்டியில் டேப் பிடித்து அளந்து இதே கணக்கைப் போடுங்கள், 20 செமீ மாறினாலும் விடை மாறும்.

செயின்பைண்டர்:
கணக்கு சரி அண்ணே, ஆனா மெஷினைக் கடைக்கோடியில் வைக்கிறதுதான் இடிக்குது. லீஃப் ஸ்பிரிங் டிரெய்லரில் ஆக்சிலுக்குப் பின்னால் நீட்டிக்கொண்டிருக்கிற இடம்தான் அதிகம் குதிக்கும். டிரம் நீங்க சொன்ன 2.3 மீட்டரிலேயே இருக்கட்டும். காயில் 5.2, மெஷின் 7.7, அடுத்த காயில் 10.4. கிங்பின்னில் 8.2 டன் வரும், இறக்க இறக்கவும் ஹார்ஸுக்குப் பிடிப்பு இருக்கும். ஒரே குறை, மெஷினுக்குப் பின்னால் 8 டன் காயில் நிற்குது. அந்தக் காயிலைக் கட்டுறதில் கஞ்சத்தனம் கூடாது.

காயிலுக்கு செயின்தான், பெல்ட்டை விளிம்பு அறுத்துவிடும். திடீர் பிரேக்கில் எடையில் 0.8 பங்கு முன்னால் தள்ளும் என்று வைத்துக் கட்டணும். 8 டன்னுக்கு 6.4 டன். காயில் ஒன்றுக்கு 10 மிமீ கிரேடு 80 செயின் நாலு, துளை வழியாக, இரண்டு முன்னோக்கி, இரண்டு பின்னோக்கி. காயில் ஆப்பு மேல்தான் உட்காரணும். அடிவயிறு தளத்தைத் தொட்டால் ஆப்பு சும்மா கிடக்கும், காயில் உருளப் பார்க்கும்.

டிரம்மைப் படுக்கப் போடாதீங்க, கேபிள் சுற்று கலைஞ்சுடும். நிறுத்தி, இரண்டு பக்க வளையத்துக்கும் ஆப்பு வைத்து ஆணி அடித்து, நடுத்துளை வழியாகக் கட்டுங்க. மெஷினில் தகடு மூடியையோ பெட்டியின் மேல்பலகையையோ இழுத்துக் கட்டக்கூடாது. பலகையைத் திறந்து அடித்தளத்தில் இருக்கிற லக்கில் (கட்டுவதற்கான காது) செயின் போடணும், அடியில் ரப்பர் விரிப்பு. மெஷினின் நகரும் அச்சுகளைப் பூட்டுகிற டிரான்ஸ்போர்ட் பிராக்கெட் மாட்டியிருக்கா என்று ஏற்றும் முன்பே கேளுங்க.

ஒரே செயினை இரண்டு சரக்குக்குச் சேர்த்து இழுக்கக்கூடாது. சேலத்தில் டிரம்மை அவிழ்க்கும்போது காயில் தளர்ந்துவிடும். 50 கிமீ ஓடியதும் ஒருமுறை, தொப்பூர் இறக்கத்துக்கு முன்னால் தருமபுரியில் ஒருமுறை, ஒவ்வொரு இறக்கலுக்குப் பிறகும் ஒருமுறை செயினைத் தட்டிப் பாருங்க. மரக்கட்டை அமுங்க அமுங்க செயின் தொங்கும்.

பில்புக்:
மூணு இன்வாய்ஸ் என்றால் மூணு இ-வே பில் (சரக்கு கொண்டுபோக ஜிஎஸ்டி தளத்தில் எடுக்கிற சீட்டு). சேர்த்து ஒருங்கிணைந்த பில் எடுத்தாலும் காலக்கெடு அந்தந்த பில்லுக்குத்தான். 200 கிமீக்கு ஒரு நாள் என்பதால் சேலம் பில் 2 நாள், கோவை பில் 3 நாள். பெருந்துறை 400 கிமீயை ஒட்டி வரும், எத்தனை நாள் விழுந்திருக்கு என்று பில்லிலேயே பாருங்க. தாமதமானால் காலாவதிக்கு 8 மணி நேரம் முன்போ பின்போ மட்டும்தான் நீட்டிக்க முடியும்.

தளத்துக்கு வெளியே எதுவும் நீட்டக்கூடாது, அபராதம் 20,000 ரூபாய்.

கிரேன் விஷயம்: 14 டன் ஹைட்ரா (சக்கரத்தில் ஓடுகிற சின்ன கிரேன்) என்றால் 14 டன் தூக்கும் என்று நம்பி காயிலுக்கு வரச்சொல்லாதீங்க. பூம் (கிரேனின் கை) நீள நீளத் தூக்கும் திறன் சரியும். 8 டன்னைத் தளத்தின் நடுவிலிருந்து எடுக்க என்ன தூரம் வரும் என்று சொல்லி, அந்த கிரேனின் லோடு சார்ட்டை (எந்தத் தூரத்தில் எவ்வளவு தூக்கும் என்ற அட்டவணை) பார்த்தே வாடகை பேசுங்க.

ராத்திரிவண்டி:
லீஃப் ஸ்பிரிங்தான் அண்ணே. அப்போ 5.2, 7.7, 10.4 அமைப்பே. மெஷின்காரரிடம் பிராக்கெட் பற்றிக் கேட்டுட்டு, ஏற்றும் முன்னால் தளத்தில் சாக்பீஸில் கோடு போட்டுடறேன்.