சிங்கோலா டாக்டர் கைல், இங்க யாருக்காவது தெரியுமா?

செம்புக்காட்டான்:
1978. அப்பாவுக்கு ஜாம்பியாவுல சிங்கோலாங்கற ஊர்ல செம்புச் சுரங்க வேலை. எனக்கு ஒம்பது வயசு, ராத்திரி பூரா வயித்து வலி. காலைல ஆஸ்பத்திரில வெள்ளைக்கார டாக்டர் அடிவயித்துல ரெண்டு விரலை மெதுவா அழுத்திக்கிட்டே இருந்தார், ஒண்ணுமில்ல. சட்டுனு விரலை எடுத்தார் பாருங்க, உயிரே போயிடுச்சு. அன்னிக்கே குடல்வால் ஆபரேஷன். 2014 நவம்பர்ல அவர் இறந்த செய்தி படிச்சப்போதான் தெரியுது, ஜாக் கைல், அயர்லாந்துக்கு 46 ரக்பி மேட்ச் ஆடின ஃப்ளை-ஹாஃப், அணியோட ஆட்டத்தை நடத்துற ஆள்! 1966லருந்து 34 வருஷம் எங்க ஊர்லயே கத்தி பிடிச்சிருக்கார். அப்பாவுக்குக்கூட தெரியாம போச்சு.

பெல்ஃபாஸ்ட் நர்ஸ்:
எங்க வார்டுல ஒரு தாத்தா. மாத்திரை கொடுக்கப் போனா 1948 மார்ச் 13தான் பேச்சு. ரேவன்ஹில் மைதானம், அயர்லாந்து வேல்ஸை 6-3ல ஜெயிச்சு கிராண்ட் ஸ்லாம், அதாவது அந்த வருஷப் போட்டியில எல்லா மேட்சும் வெற்றி. ட்ரேயில ஸ்பூனெல்லாம் வேல்ஸ்காரங்க, டீ கப்தான் கைல். ஸ்பூனுக்கு நடுவுல கப்பை விறுவிறுன்னு ஓட்டினார், டீ முழுக்க போர்வையில. "இடைவெளி தெரிஞ்சுதா?"ன்னு கேட்டார். நான் போர்வையைப் பிடுங்கிட்டுத் திட்டிட்டேன். அடுத்த கிராண்ட் ஸ்லாம் 2009ல, 61 வருஷம் கழிச்சு. அந்த மேட்ச் நடந்த கார்டிஃப்ல கைல் இருந்தார். தாத்தா அதுக்கு முன்னயே போயிட்டார்.

வெள்ளவத்தையான்:
தங்கச்சி, கப் ஓடினது சரி. ஆனா அண்டைக்கு வெற்றி ட்ரை (எதிரணிக் கோட்டுக்கு அங்கால பந்தை நிலத்தில வைச்சுப் புள்ளி எடுக்கிறது) வைச்சது ஜாக் டேலி, முன்வரிசை ஆள். எல்லாத்தையும் கைலின்ர தலையில கட்டாதேங்கோ. கைலின்ர பெருமை 1950 லயன்ஸ் (பிரிட்டன், அயர்லாந்து கூட்டு அணி) பயணம்: நியூசிலாந்தில நாலு, அவுஸ்திரேலியாவில ரெண்டு, ஆறு டெஸ்டும் விளையாடினவர். நியூசிலாந்தின்ர டனீடின்ல 9-9 சமநிலை, அதில அவருக்கு ஒரு ட்ரை. திரும்பி வரேக்க அந்த அணி கொழும்பில சிலோனை 44-6க்கு அடிச்சது. அம்மப்பா பாத்தவர். "எங்கட ஆறு புள்ளி"யைப் பற்றி மட்டும்தான் கதைப்பார். சம்பளமில்லாத விளையாட்டு அப்ப. 1995 வரைக்கும் அப்படித்தான்.

ஓய்வுபெற்றவன்:
நான் ஜாம்பியாவுலயே கிட்வேங்கற ஊர்ல ரெண்டு வருஷம் இருந்தேன், கைலைப் பார்த்ததில்ல. செம்புக்காட்டான் தம்பி, பழைய தையல்னு அலட்சியம் வேண்டாம். குளிச்சதும் தேங்காயெண்ணெய் தடவுங்க. கேஸ் சிலிண்டரைத் தனியா தூக்காதீங்க. இருமும்போது அந்த இடத்துல கை வச்சுக்கோங்க. புடைச்சா உடனே காட்டுங்க. மலச்சிக்கல் கூடவே கூடாது, ராத்திரி ரெண்டு அத்திப்பழம் ஊறப்போட்டு...

செம்புக்காட்டான்:
சார், தையல் போட்டு நாப்பது வருஷத்துக்கு மேலாச்சு. நல்லாத்தான் இருக்கு.