மாம்பழத்துக்குள் புழு: மருந்தில்லாமல் தடுக்க வெந்நீர் போதுமா?

கேள்வி:
மாங்காயைப் பறித்த அன்றே 52 டிகிரி வெந்நீரில் 10 நிமிடம் முக்கியெடுத்து, 13 டிகிரி குளிர் அறையில் அடுக்குகிறோம். தோலில் வரும் கரும்புள்ளி அழுகல் வெகுவாகக் குறைந்துவிட்டது. ஆனால் வெளியே எடுத்துப் பழுக்க வைத்தால் சில காய்களில் வெள்ளைப் புழு நெளிகிறது. முக்கும் நேரத்தைக் கூட்டலாமா? குளிரை 2 டிகிரிக்குக் கொண்டுபோனால் சாகுமா? மருந்துப் புகை வேண்டாம்.

பதில் 1:
நண்பரே, நீங்கள் செய்வது பூசண நோய்க்கான வெந்நீர். உள்ளே நெளியும் புழு பழ ஈயுடையது; அதற்கான வெந்நீர் வேறு. பூசணம் தோலை ஒட்டியே இருப்பதால் 10 நிமிடச் சூடு போதும். ஈயோ மரத்திலேயே தோலைத் துளைத்து உள்ளே முட்டையிட்டுவிடும். கொட்டையை ஒட்டிய சதை வரை சூடு இறங்க ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். 52 டிகிரியில் அவ்வளவு நேரம் கிடந்தால் காய் வெந்துவிடும். அதனால் சூட்டைக் குறைத்து நேரத்தை நீட்ட வேண்டும்: 46.1 டிகிரி. 375 கிராம் வரையுள்ள நீண்ட, தட்டையான காய்க்கு 65 நிமிடம். 500 கிராம் வரையுள்ள உருண்டைக் காய்க்கு 75. அதற்கு மேல் 700 கிராம் வரை 90. மெக்சிகோவிலிருந்து அமெரிக்காவுக்கு ஏற்றுமதியாகும் காய்களுக்கும் இதே கணக்குதான். எடைவாரியாகப் பிரித்துத்தான் போட வேண்டும். கலந்து போட்டால் பெரிய காயில் புழு தப்பும், சின்னது வேகும்.

தவறு பெரும்பாலும் தொட்டியில்தான் நடக்கிறது. 26 டிகிரியில் இருக்கும் 50 கிலோ காயை 200 லிட்டர் தண்ணீரில் இறக்கினால், ஹீட்டர் ஓடாவிட்டால் தண்ணீர் மெல்ல மெல்ல சுமார் 4 டிகிரி இறங்கிவிடும். அதை ஈடுகட்டவே சுமார் 1 யூனிட் மின்சாரம் வேண்டும், அதுவும் பெரும்பகுதி முதல் அரை மணி நேரத்துக்குள். ஆகவே 3 கிலோவாட்டுக்குக் குறைந்த ஹீட்டர் இந்த அளவுக்குத் தாங்காது. தண்ணீரைச் சுழற்ற ஒரு பம்ப் கட்டாயம்; இல்லாவிட்டால் மேலே 47, அடியில் 44 என்று நிற்கும். கிரேட்டின் மேல்வரிசைக் காய்கூட நீர்மட்டத்துக்கு 10 சென்டிமீட்டர் கீழே இருக்கட்டும். குளிர் அறையிலிருந்து எடுத்த காயை உடனே போடாதீர்கள். சதை 21 டிகிரிக்கு மேல் வந்த பிறகே போடவும்.

எடுத்த பின் 30 நிமிடம் காற்றில் ஆறவிட்டு, பிறகு தண்ணீரில் முக்கிக் குளிர்விக்கவும். அந்தத் தண்ணீர் குடிக்கும் தரத்தில் இருக்க வேண்டும். சூடான காய் குளிரும்போது உள்ளே இருக்கும் காற்று சுருங்கி, காம்பு வழியாகத் தண்ணீரை இழுக்கும். அழுக்குத் தண்ணீரானால் கிருமியும் கூடவே போகும்.

பதில் 2:
குளிர் பற்றி: 13 டிகிரியில் புழு சாகாது, வளர்ச்சிதான் மந்தமாகும். வெளியே வந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடரும். 2 டிகிரியில் நீண்ட நாள் வைத்தால் பழ ஈப் புழு சாகும். ஆரஞ்சு, திராட்சைக்கு அந்த முறை உண்டு. மாங்காய்க்குக் கூடாது. 12 டிகிரிக்குக் கீழே போனாலே தோல் சாம்பல் பூத்து, குழி விழுந்து, பிறகு ஒழுங்காகப் பழுக்காது.

பதில் 3:
தொட்டிக்கு முன்னால் தரம் பிரிப்பதில் கவனம் வையுங்கள். ஊசி குத்தினாற்போல் ஒரு புள்ளி, சுற்றிலும் மங்கிய வளையம், அழுத்தினால் கசியும் நீர் இருந்தால் ஒதுக்குங்கள். தண்ணீரில் மிதக்கும் காய் முற்றாதது. சூட்டில் காம்புப் பக்கம் குழி விழுவது இதில்தான் அதிகம். ஒதுக்கியதை வெளியே குவித்தால் புழு துள்ளி மண்ணில் இறங்கிக் கூட்டுப்புழுவாகும். 2 அடி ஆழத்தில் புதையுங்கள், அல்லது கறுப்பு பிளாஸ்டிக் பையில் இறுகக் கட்டி வெயிலில் போடுங்கள்.

ஆறும் காய்க்கு நுண்வலை போட்ட அறை வேண்டும். மருந்துபோல் சூடு காயில் தங்கிக் காக்காது. வாசல் வழியே வரும் அடுத்த ஈ மறுபடி முட்டையிடும்.

கேட்டவர்:
நன்றி. சில காய்களில் சதை சுத்தமாக இருக்கிறது, கொட்டைக்குள் மட்டும் ஒரு வண்டு. இதற்கும் அதே சூடா?

பதில் 1:
இல்லை, அது மாங்கொட்டை வண்டு. கொட்டையின் ஓடு காப்பதால் இந்த வெந்நீரை நம்ப முடியாது. கதிர்வீச்சு வசதி உள்ள இடங்களில் அதைச் செய்கிறார்கள். மற்றபடி தோப்பில்தான் தடுக்க வேண்டும்: விழுந்த காய், கொட்டை ஒன்று விடாமல் பொறுக்கி அழியுங்கள், அடிமரப் பட்டை இடுக்குகளையும் சுத்தம் செய்யுங்கள், வண்டு அடுத்த பருவம் வரை அங்கேதான் ஒளிந்திருக்கும்.